செஞ்சிப் பாறைகளைப் படம் எடுக்க: வெயில் எந்தப் பக்கம், ஆள் எவ்வளவு தூரம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்து செஞ்சியை நெருங்கும்போது, ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் செல்போனை வெளியே எடுப்பார்கள். எடுக்காமல் இருக்கவும் முடியாது. வீட்டளவு உருண்டைப் பாறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்கும் குன்றுகள், அவற்றின் இடுக்குகளில் புகுந்து மேலேறும் கோட்டைச் சுவர், அடிவாரத்தில் நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர்). ஆனால் வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்தால் பெரிய ஏமாற்றம். நேரில் கழுத்தை அண்ணாந்து பார்க்க வைத்த குன்று, படத்தில் ஒரு பழுப்பு மேடாகச் சுருங்கிக் கிடக்கும்.

உடனே எல்லோரும் கேமராவைத்தான் குறை சொல்வார்கள். கேமராவுக்கு இதில் பங்கு குறைவு. பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான் கெட்டுப்போயிருக்கும். ஒன்று, வெயில் பாறை மேல் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பது. இன்னொன்று, அந்தப் பாறையின் அளவைச் சொல்வதற்குப் படத்தில் ஒரு மனிதனோ மாடோ பனைமரமோ சரியான தூரத்தில் இருந்ததா என்பது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் பத்தாயிரம் ரூபாய் செல்போனிலேயே நல்ல படம் எடுக்கலாம். செஞ்சியை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். மதுரை யானைமலை, திருமயம், சித்தன்னவாசல், திண்டுக்கல் மலை என்று எந்தக் கல்மலைக்கும் இது பொருந்தும்.

பாறை தெரிவது நிழலால்

தெருவில் கிடக்கும் ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து வந்து மேசை மேல் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை உங்கள் நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்துக் கல்லின் மேல் அடியுங்கள். கல் வெளிச்சமாகத் தெரியும், ஆனால் தட்டையாக இருக்கும். இப்போது டார்ச்சை மெல்ல நகர்த்திக் கல்லுக்குப் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அதே கல்லில் பள்ளங்கள், விளிம்புகள், சொரசொரப்பு எல்லாம் கிளம்பி வரும். கல் மாறவில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் ஒரு குட்டி நிழல் விழுந்தது, அவ்வளவுதான்.

பாறைப் படத்தின் அடிப்படை இதுதான். நம் இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணர்கின்றன. அதோடு நாம் நடக்கிறோம், தலையைத் திருப்புகிறோம், அதனால் எது முன்னால், எது பின்னால் என்று மூளைக்குத் தெரிந்துவிடுகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண், அதுவும் அசையாத கண். அதற்கு ஆழத்தைச் சொல்ல மிச்சம் இருக்கும் முக்கியமான சாட்சி நிழல். சூரியன் உங்கள் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தால், பாறையின் நிழல்கள் எல்லாம் பாறைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. சூரியன் உங்கள் இடது தோளுக்கோ வலது தோளுக்கோ பக்கத்தில் இருந்தால் பாதி வெயில், பாதி நிழல். பாறை உருண்டு திரண்டு நிற்கும். சூரியன் பாறைக்குப் பின்னால் இருந்தால் வெளிக்கோடு மட்டும் கறுப்பாகத் தெரியும். கோட்டை உச்சியில் இருக்கும் மண்டபத்தின் வடிவத்தைக் காட்ட அது நல்லதுதான், ஆனால் கல்லின் மேனி தெரியாது.

"சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு எடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கல்யாண வீட்டு வாசலில் குடும்பத்தை நிற்க வைத்து எடுக்க அது சரியான யோசனை. பாறைக்கு அது ஆகாது.

செஞ்சிப் பாறைகளில் இந்தப் பக்க வெயிலுக்குத் தீனி நிறைய. இவை 200 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கருங்கல். பூமிக்கு அடியில் இருந்தபோதே கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விட்டு, அவற்றின் வழியே நீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்தது. கட்டம் கட்டமாக இருந்த கல் இப்படி மூலை மழுங்கி உருண்டையானது. பிற்பாடு மேல்மண் கரைந்து போக, உருண்டைகள் மட்டும் வெளியே நின்றன. இதைத் தெரிந்துகொண்டால் எதைத் தேடுவது என்பதும் தெரிந்துவிடும். ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தொடரும் வெடிப்புக் கோடுகள், வெங்காயத் தோல் மாதிரி உரிந்து நிற்கும் மேற்பரப்பு, மழைநீர் வழிந்து வழிந்து கறுத்துப்போன பட்டைகள். அப்புறம் சுவர். செதுக்கிய கல் அடுக்கும், இயற்கையாக உருண்ட கல்லும் ஒட்டி நிற்கும் இடங்களில் பக்க வெயில் விழும்போது, மனிதன் செய்தது எது, மழை செய்தது எது என்று படமே பிரித்துக் காட்டும். எனக்குப் பிடித்த இடங்கள் அவைதான். உச்சியிலிருந்து எடுக்கும் பரந்த காட்சியை விட, சுவர் பாறையில் முட்டி நிற்கும் ஒரு மூலை அதிகம் பேசும்.

எந்தத் திசையைப் பார்த்து நிற்பது

காலையில் சூரியன் கிழக்கே, மாலையில் மேற்கே. அப்படியென்றால் பக்க வெயில் வேண்டுமென்றால் இரண்டு வேளையிலும் நீங்கள் வடக்கையோ தெற்கையோ பார்த்து நிற்க வேண்டும். முதலில் கற்றுக்கொள்பவருக்கு இந்த ஒரு விதி போதும்.

செஞ்சியில் இதைப் பொருத்திப் பார்ப்போம். மூன்று குன்றுகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. திருவண்ணாமலை சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி. ஊர் கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. ஊர்ப் பக்கம் நின்று காலையில் ராஜகிரியை எடுத்தால் சூரியன் உங்கள் முதுகில். குன்று பளிச்சென்று, தட்டையாகத் தெரியும். பேருந்தில் வருபவர்களின் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வீணாகின்றன. அதே காலையில் சாலையிலிருந்து வடக்கே திரும்பிக் கிருஷ்ணகிரியைப் பாருங்கள். வெயில் வலது பக்கமிருந்து வரும். ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். மாலையில் அதே இடத்தில் வெயில் இடது பக்கம் மாறியிருக்கும், படமும் வேறு மாதிரி இருக்கும். ஊருக்குள் இருந்து மாலையில் ராஜகிரியைப் பார்த்தால் சூரியன் அதன் பின்னால் இறங்கும். அது வெளிக்கோட்டுப் படத்துக்கான நேரம்.

இதில் மாதமும் ஒரு கை பார்க்கும். சூரியன் சரியாகக் கிழக்கே உதிப்பது வருடத்தில் இரண்டே சமயம், மார்ச்சிலும் செப்டம்பரிலும். செஞ்சி இருக்கும் இடத்தில் டிசம்பர் கடைசியில் அது கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே தள்ளி. டிசம்பர், ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கு வானத்திலேயே நடக்கும். டிசம்பர் கடைசியில் உச்சிவேளையில்கூட அது சுமார் 54 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. ஆகவே அந்த மாதங்களில் கிழக்கே நின்று ராஜகிரியைப் பார்த்தாலும், ஒன்பது மணி வாக்கில் இடது தோள் பக்கமிருந்து ஓரளவு சாய்வான வெயில் கிடைத்துவிடும். மாறாக, ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இருபது வாக்கு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. குளிர்காலம் முழுக்க நிழலில் கிடந்த வடக்கு முகப் பாறைகளுக்கு அப்போதுதான் நல்ல வெயில் விழும். ஒரே குன்றை வருடம் முழுக்க எடுக்கலாம் என்பதற்கு இதுவே காரணம்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய பாடங்களில், சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும் வரும் ஒரு மணி நேரத்தைப் பொன்வெயில் நேரம் என்று சொல்வார்கள். அதை அப்படியே நம்பினால் நம் ஊரில் ஏமாறுவோம். சூரியன் வானில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது கிட்டத்தட்ட நேராகவே மேலே ஏறுகிறது. மார்ச் மாதத்தில் உதித்த ஒரு மணி நேரத்தில் 14 டிகிரியைத் தாண்டிவிடும். லண்டனில் அதே நாளில் அதே ஒரு மணி நேரத்தில் 9 டிகிரிதான். டிசம்பர் மதியத்திலேயே அங்கே 15 டிகிரிதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு நாள் முழுக்கச் சாய்வு வெயில். நமக்கு அந்தச் செம்மஞ்சள் வெயில் அரை மணி நேரம் நின்றால் அதிகம். ஆனால் கவலைப்பட வேண்டாம். பாறைக்கு வேண்டியது நிறம் இல்லை, சாய்வு. சூரியன் 30, 35 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரை, அதாவது காலையில் எட்டரை மணி வரையிலும் மாலையில் நாலு மணிக்குப் பிறகும், வேலை நடக்கும்.

நடுப்பகலில் என்ன செய்வது? ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் செஞ்சியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், நட்ட கம்பத்துக்கு நிழல் இருக்காது. அந்த நேரத்தில் குன்றைத் தூரத்திலிருந்து எடுப்பது வீண் வேலை. ஆனால் செங்குத்தான பாறை முகத்துக்கு உச்சி வெயிலும் ஒரு பக்க வெயில்தான். மேலிருந்து சுவரை ஒட்டி வழியும் அந்த வெளிச்சத்தில் செதுக்கல்களும் உளித் தடங்களும் நன்றாகத் தெரியும். இல்லையென்றால் பாறை இடுக்குகளுக்குள், கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் கட்டடத்தின் வளைவுகளுக்குள், புளியமரத்தடிக்கு வந்துவிடுங்கள். நீங்களும் வெயிலுக்குத் தப்பிய மாதிரி இருக்கும்.

மேகமூட்டமான நாளில் நிழல் கரைந்துவிடுகிறது, பாறையும் சோர்ந்துவிடுகிறது. நடவு வயலுக்கும் மனித முகங்களுக்கும் அந்த வெளிச்சம் நல்லது. அன்றைக்குக் குன்றை மறந்துவிட்டு ஊருக்குள் நடங்கள்.

கேமராவை எவ்வளவு நம்பலாம்

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பாறைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தில் பாதி வானம் என்றால், வானத்தைச் சாம்பலாக்கும் முயற்சியில் பாறையைக் கறுப்பாக்கிவிடும். படத்தில் பெரும்பகுதி நிழல் என்றால், நிழலைத் தூக்கும் முயற்சியில் வெயில் படும் பாறை முகத்தையும் வேட்டி கட்டியவரின் வேட்டியையும் வெள்ளைக் காகிதமாக்கிவிடும். வெளுத்துப்போன இடத்தில் இருந்த விவரத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கறுத்துப்போன இடத்தில் ஓரளவு மீட்கலாம். அதனால் பாதுகாப்பான பழக்கம், வெயில் படும் பாறைக்கு அளவு வைப்பது. செல்போனில் வெயில் விழும் பாறையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவில் என்றால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 அல்லது -1-ல் வையுங்கள். ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) காட்டும் வசதி இருந்தால், அதன் வலது ஓரத்தில் கோடு முட்டி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போதைய செல்போன்களில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு படம் எடுக்கச் சொன்னால் அவை நாலைந்து படங்களை எடுத்து, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, எல்லாவற்றையும் சமமாக்கிக் கொடுக்கின்றன. இரவு விருந்துக்கு அது வரப்பிரசாதம். பாறைக்கோ, நாம் காத்திருந்து பிடித்த நிழலையே அது அழித்துவிடுகிறது. இந்த வசதிக்கு எச்டிஆர் என்று பெயர், உங்கள் போனில் அதை அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, படத்தைத் திருத்தும்போது நிழல் என்று இருக்கும் பட்டையை இடது பக்கம் இழுங்கள். மக்கள் வழக்கமாக வலது பக்கம்தான் இழுப்பார்கள். விவரங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டி, ஸ்ட்ரக்சர் என்ற பட்டைகளைத் தொடும்போது கை கட்டுப்பாடு வேண்டும். குன்றின் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரிய ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். இணையத்தில் பார்க்கும் பாதிக் கோட்டைப் படங்களில் அந்த வளையம் இருக்கிறது, ஏனோ யாருக்கும் உறுத்துவதில்லை.

வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால், காலை வெயிலின் மஞ்சளை ஒரு கோளாறு என்று நினைத்துக் கேமரா கழுவிவிடும். வெயில் படம் போட்ட குறியில் வைத்துவிடுங்கள்.

வானம் தனிப் பிரச்சினை. கோடையில் நம் வானம் நீலமாக இருக்காது, வெளிறிப்போய் இருக்கும். படத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்த வெளுப்புக்குக் கொடுக்காதீர்கள். உச்சிக்கு மேல் ஒரு விரல் அளவு வானம் விட்டு மீதியை வெட்டுங்கள், அல்லது வானமே இல்லாமல் எடுங்கள். இந்தத் தலைவலி புதிதில்லை. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-ல் சென்னை மாகாண அரசுக்காகத் திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். திருச்சி மலைக்கோட்டையும் அவர் எடுத்தவற்றில் உண்டு. அவர் பயன்படுத்திய காகித நெகடிவ் நீல ஒளியை மட்டும் அதிகமாக உறிஞ்சும், அதனால் வானம் வெறுமையாக வந்துவிடும். சில நெகடிவ்களில் அவர் வர்ணத்தைத் தொட்டு மேகங்களைக் கையால் சேர்த்திருக்கிறார். இன்றைக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் செல்போன் வேறு வானத்தை ஒட்டிக் கொடுக்கிறது. ஒட்டுவது அவரவர் விருப்பம். ஆனால் வலது பக்கம் சூரியன் இருக்கும் வானத்தை ஒட்டிவிட்டு, பாறையில் நிழலும் வலது பக்கமே விழுந்தால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆள் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது குன்றின் உயரம்

உருண்டைப் பாறையை மட்டும் நெருக்கமாக எடுத்துப் பாருங்கள். அது கைப்பிடி அளவா, லாரி அளவா என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லுக்கு எல்லா அளவிலும் ஒரே மாதிரி மேனி. அளவு தெரிய, அளவு தெரிந்த ஒன்று பக்கத்தில் வேண்டும். நாட்டுப்புறத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆடு மேய்ப்பவர், சைக்கிள், பனைமரம், வைக்கோல் போர், மின்கம்பம், மாட்டுக் கொட்டகை எல்லாமே அளவுகோல்கள்தான். பாறைப் படமும் கிராமத்து வாழ்க்கைப் படமும் வேறு வேறு வகை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிதான்.

ஆனால் ஆளைச் சேர்த்தால் மட்டும் போதாது, அவர் உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதில்தான் விஷயம். கொஞ்சம் கணக்குப் போடலாம். ராஜகிரி ஏறக்குறைய 240 மீட்டர் உயரம். 2 கிலோமீட்டர் தள்ளி வயலில் நிற்கிறீர்கள். அங்கிருந்து குன்று உங்கள் பார்வையில் சுமார் 7 டிகிரி உயரத்தை அடைக்கும். மல்லாட்டை பிடுங்கும் ஒருவர், உயரம் 1.7 மீட்டர், உங்களுக்கு 10 மீட்டர் முன்னால் நிற்கிறார். அவர் கிட்டத்தட்ட 10 டிகிரியை அடைப்பார். அதாவது படத்தில் மனிதன் மலையை விடப் பெரியவன். இப்போது நீங்கள் 40 மீட்டர் பின்னால் நடந்து போங்கள். அவர் 50 மீட்டர் தூரத்தில் ஆகிவிட்டார், 2 டிகிரிதான் அடைப்பார். குன்றோ 2 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால், இந்த 40 மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, இன்னும் அதே 7 டிகிரி. இப்போது மலை மனிதனைப் போல மூன்றரை மடங்கு உயரம். நீங்கள் செய்தது 40 மீட்டர் நடந்தது மட்டும்தான்.

பின்னால் நகர்ந்த பிறகு எல்லாம் சின்னதாகத் தெரியுமே என்றால், ஆமாம், அதற்குத்தான் ஜூம். 2 மடங்கு, 3 மடங்கு லென்ஸ் போனில் இருந்தால் அதைப் போடுங்கள். ஜூம் லென்ஸ் மலையைப் பெரிதாக்கி இழுத்து வருகிறது என்று பலர் சொல்வார்கள். லென்ஸ் படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. மனிதனுக்கும் மலைக்கும் இடையே உள்ள விகிதத்தை மாற்றியது உங்கள் கால்கள். இதே காரணத்தால், குன்று முழுக்க அடங்கட்டும் என்று 0.5 அகல லென்ஸுக்குப் போவது பெரும்பாலும் தப்பாகப் போகும். முன்னால் இருக்கும் முள்செடி பூதாகரமாகி, குன்று பின்னால் கடுகாகிவிடும். அகல லென்ஸ் பாறைகளுக்கு நடுவே நிற்கும்போது எடுப்பதற்கு. காலடியில் இருக்கும் வெடிப்பு ஒன்று படத்துக்குள் ஓடி உச்சிக்குக் கண்ணைக் கொண்டுபோகும் என்றால், தரையோடு தரையாகக் குனிந்து அதைப் பயன்படுத்துங்கள்.

வெயில் காலத்தில் நீள ஜூமுக்கு எதிரி கானல். பதினோரு மணிக்கு மேல் சூடான வயல்வெளி வழியே 2 கிலோமீட்டர் தூரத்தை எடுத்தால், எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் குன்று நடுங்கித்தான் தெரியும். அது குவியக் கோளாறு இல்லை, காற்று.

ஆளின் தலை எதன் மேல் விழுகிறது என்றும் பாருங்கள். வெள்ளைச் சட்டைக்காரர் நிழலில் இருக்கும் பாறைக்கு முன்னால் வந்தால் எடுப்பாகத் தெரிவார். கறுப்பு எருமை அதே இடத்தில் காணாமல் போய்விடும். அதற்கு வெயில் படும் வரப்போ ஏரித் தண்ணீரோ பின்னணியாக வேண்டும். தலை மட்டும் குன்றின் விளிம்புக் கோட்டை வெட்டிக்கொண்டு நின்றால் கழுத்தில் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஓர் அடி குனிந்தாலோ, இரண்டு அடி நகர்ந்தாலோ சரியாகிவிடும்.

ஆளைத் துரத்திக்கொண்டு ஓடுவதை விட, இடத்தைத் தேர்ந்து காத்திருப்பது நல்லது. வெயில், குன்று, பாதை மூன்றும் சரியாக அமைந்த ஓர் இடத்தில் நின்று, படத்தின் சட்டத்தை முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் யாராவது வருவார்கள். பால்கேன் கட்டிய டிவிஎஸ் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், மாலையானால் ஆட்டு மந்தை திரும்பும். அவர்கள் போகும் திசையில் படத்தில் இடம் காலியாக இருக்கட்டும். நடப்பவருக்கு ஷட்டர் வேகம், அதாவது கேமரா திறந்து மூடும் நேரம், நொடியில் 250-ல் ஒரு பங்கு போதும், ஆடுகள் துள்ளினால் 500-ல் ஒரு பங்கு. கேமராவில் லென்ஸ் துளையின் அளவை எஃப் 8-ல் வைத்து, வேகம் குறையாமல் இருக்க ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) தேவைக்கு ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. கல்லே சொரசொரப்பானதுதானே, யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆட்களிடம்

தூரத்தில் சின்னதாகத் தெரியும் ஒருவரை எடுப்பது வேறு, முகம் தெரிய எடுப்பது வேறு. முகம் தெரியும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. "எதுக்குப்பா?" என்ற கேள்வி வரும், அதற்கு நேர்மையான பதில் இருக்க வேண்டும். கேட்டால் இயல்பு போய்விடும், நேராக நிமிர்ந்து நின்றுவிடுவார்கள் என்பது உண்மைதான். அந்த நிமிர்ந்த படத்தையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் பிடித்த படம் அதுதான். அதன் பிறகு பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், உங்களை மறந்து வேலையைப் பார்ப்பார்கள்.

நடவு வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடும்போது, பின்பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். எத்தனையோ பேர் எடுக்கிறார்கள், எத்தனையோ படங்கள் பரிசும் வாங்குகின்றன. இருந்தாலும் வேண்டாம். முன்பக்கம் அல்லது பக்கவாட்டில், வரப்பில் உட்கார்ந்து எடுங்கள். உட்கார்ந்தால் அவர்கள் உயரத்துக்கு வருவீர்கள், பின்னால் குன்றும் மேலெழும். களத்தில் நெல் காய்ந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். தார்ச்சாலையில் காயப்போட்டிருந்தாலும் அதே மரியாதை. புதிதாக நட்ட வயலில் கோணம் தேடி இறங்கினால் திட்டு விழும், விழுவதுதான் நியாயம். பிள்ளைகளை எடுப்பதென்றால் வீட்டுப் பெரியவர்கள் அருகில் இருக்கட்டும். எடுத்த படத்தைக் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

எதை எடுப்பது என்று தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டுவண்டி, ஏர் உழவு என்று இல்லாத பழைய கிராமத்தைத் தேடி அலைய வேண்டாம். செஞ்சியைச் சுற்றி இப்போது டிராக்டர் ஓடுகிறது, அறுவடை இயந்திரம் ஓடுகிறது, பம்புசெட் தொட்டியில் பிள்ளைகள் குதிக்கிறார்கள், டீக்கடை வாசலில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கூடி நிற்கிறார்கள். அவற்றுக்குப் பின்னாலும் அதே குன்று நிற்கிறது. நீல நிறத் தார்ப்பாய் விரித்து மல்லாட்டை காயவைத்திருக்கும் ஒரு வாசல், பழுப்புப் பாறைக்கு முன்னால் எப்படி எடுபடும் என்று ஒருமுறை பாருங்கள். மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து கொடியிலிருந்து காய் பறிக்கும் கைகளை நெருக்கத்தில் எடுத்தால், அதற்கும் பக்க வெயில்தான் கைகொடுக்கும். சுருக்கம் விழுந்த கையும் கல்லும் வெயிலுக்கு ஒன்றுதான்.

கோட்டைக்குள் போவதென்றால் சில நடைமுறைகள். இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025-ல் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். அனுமதி வாங்காமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது, முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. திறக்கும் நேரம் நுழைவாயில் பலகையில் இருக்கும். விடியலுக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று திட்டமிடாதீர்கள். விடியலுக்கு வெளியே வயல் பக்கம் நிற்பதுதான் எப்படியும் நல்ல படம். குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டம் வெளியே தெரிய வேண்டாம். மேலே தண்ணீர் கிடைக்காது.

எப்போது போகலாம்? மழை முடிந்த கையோடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் இருக்கும் தூசி அடங்கிவிடும், ஏரிகள் நிறைந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும். மழை விட்ட அரை மணி நேரத்தில் நனைந்த கருங்கல் கறுத்துப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு வெள்ளைத் திட்டுகளாகக் கண்ணை உறுத்தினால், போலரைசர் என்ற வடிகட்டியைக் கேமராவில் மாட்டிச் சுழற்றினால் குறையும். சூரியனுக்குப் பக்கவாட்டுத் திசையைப் பார்த்து எடுக்கும்போது அது வானத்தையும் நன்றாகக் கறுக்க வைக்கும். நமக்குப் பக்க வெயில் வேண்டும் என்பதால் நாம் நிற்பதும் அந்தத் திசையில்தான், வசதியாகப் போயிற்று. அகல லென்ஸில் மட்டும் மாட்டாதீர்கள், வானம் ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் வெளுத்தும் திட்டுத் திட்டாக வரும். மார்கழி, தையில் காலைப் பனி குன்றின் அடியை மறைத்து உச்சியை மட்டும் விட்டுவைக்கும் நாட்கள் உண்டு. அதற்கு ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் எட்டு மணிக்குள் பனி போய்விடும். பங்குனி, சித்திரையில் போனால் தூசிப் படலத்தில் 2 கிலோமீட்டர் குன்றே மங்கும். அப்போது தூரக் காட்சியை விட்டுவிட்டு, பாறைக்குக் கை எட்டும் தூரத்தில் வேலை பாருங்கள்.